பிள்ளைகள் இல்லாத மண்டபத்தில் எங்களுக்கு என்ன பயிற்சி?

அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சித் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்தப் பயிற்சிக்குப் போனாலும் திரையில் முதலில் வருவது மூளையின் படம்தான். ஆறு வயதுக்குள் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் முடிந்துவிடுகிறது என்பதை எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். சரி, அந்த ஆறு வயதுக்குள் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது.

புத்தகங்களுக்குக் குறைவில்லை. நம் மாநிலத்தில் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ இருக்கிறது. மத்திய அரசு 2023இல் ‘போஷன் பி படாய் பி’ என்று சத்துணவோடு கல்வியையும் சேர்த்தது. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டமும் வந்தது. இத்தனைக்கும் சேர்த்து மூன்று நாள் பயிற்சி. மண்டபத்தில் நாங்களே பிள்ளைகளாக நடித்துக் கைதட்டிப் பாடுவோம். சொன்னவுடன் வட்டமாக நிற்போம். யாரும் யாரையும் கடிப்பதில்லை, ஜட்டியை நனைப்பதில்லை.

என் மையத்தில் ஒரே அறை. இரண்டு வயதுக்காரனும் ஐந்து வயதுக்காரியும் ஒரே பாயில். நான் யானைக் கதையை எடுக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். உதவியாளர் விடுப்பென்றால் அதுவும் என் பொறுப்பு. இதற்கிடையே பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் ‘போஷன் டிராக்கர்’ என்ற செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். இந்த அறைக்குள் வந்து பார்க்காமல் எனக்கு எதைக் கற்றுத்தரப் போகிறீர்கள்?

எனக்குப் பயன்பட்ட ஒரு பயிற்சியைச் சொல்கிறேன். பக்கத்து மையத்து அக்கா ஒரு நாள் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கதை முடிந்து, “யானை ஏன் அழுதது?” என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, வழக்கம்போல் நானே பதிலையும் சொன்னேன். பிறகு அக்கா சொன்னார்: “கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணு. அதுவரை வாயைத் திறக்காதே.” மறுநாள் எண்ணினேன். நான்கு தாண்டும்போது, வாயே திறக்காதவள் என்று நான் நினைத்திருந்த ஒருத்தி சுவரோரத்திலிருந்து, “அதுக்குப் பசி” என்றாள். இதற்குத் திரையும் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். வகுப்பைக் கவனித்துப் பார்க்க ஒருவர் போதும்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ், அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஓராண்டு டிப்ளமோ என்கிறது. அதையும் டிடிஎச் சேனலிலும் செல்போனிலும் நடத்தலாமாம். ஏற்கெனவே அந்தச் செல்போன்தான் பிள்ளைகளிடமிருந்து எங்களைப் பிரிக்கிறது. மாதம் ஒரு நேரடி வகுப்பாவது வேண்டும் என்று அதே கொள்கை சொல்வதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வகுப்பை எங்கள் மையங்களிலேயே வையுங்கள். அனுபவமுள்ள பணியாளர்களைப் பயிற்றுநர்களாக்கி, அதற்குரிய படியையும் கொடுங்கள். அவர்கள் வெளியே போகும் நாளில் அவர்களின் மையத்தைப் பார்த்துக்கொள்ள மாற்று ஆள் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மையத்துக்குப் பயிற்சி கொடுக்க இன்னொன்றைப் பூட்டியதாகிவிடும்.

அடுத்த சுற்றறிக்கையில் மண்டபத்தின் பெயருக்குப் பதில் ஏதாவது ஒரு மையத்தின் பெயர் இருக்கட்டும். தரையில் உட்காரத் தயங்காதவர்களை அனுப்புங்கள். காலை 10 மணிக்கே வந்துவிடச் சொல்லுங்கள். மதியம் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்