கலப்பு இரட்டையரில் இரட்டையர் ஆடுபவர்களுக்கு இடம் கொடுங்கள்

அமெரிக்க டென்னிஸ் சங்கத்தின் நிர்வாகிகளுக்கும், அமெரிக்க ஓபன் போட்டியை நடத்தும் குழுவினருக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 20 அன்று இரவு நியூயார்க்கில் உங்கள் ஆர்தர் ஆஷ் அரங்கில், ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஜோடியாக ஆடும் கலப்பு இரட்டையரின் இறுதிப் போட்டி நடந்தது. இத்தாலியின் சாரா எர்ரானி, ஆண்ட்ரியா வவாசோரி ஜோடி, இகா ஸ்வியாடெக், காஸ்பர் ரூட் ஜோடியை 6-3, 5-7, 10-6 என்று வீழ்த்திப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டது. முந்தைய ஆண்டும் அவர்கள்தான் சாம்பியன். இந்த 2025 இறுதிப் போட்டிக்கு இரண்டரை மாதம் முன்பு பாரிஸில் பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையரையும் அவர்களே வென்றிருந்தார்கள். இவ்வளவு இருந்தும் அவர்கள் உங்கள் போட்டிக்குள் வந்தது வைல்டு கார்டில். அதாவது, நீங்கள் மனது வைத்துக் கொடுத்த இடத்தில். நடப்புச் சாம்பியனாலேயே சொந்தத் தகுதியில் உள்ளே வர முடியாதபடி ஒரு விதியை எழுதிவிட்டீர்களே என்ற ஆதங்கத்தில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கலப்பு இரட்டையரைப் பல ஆண்டுகளாக யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை என்பது உண்மை. ஒற்றையர் ஆட்டங்களுக்கு நடுவே, ஓரத்துக் கோர்ட்டுகளில், பாதி காலியான இருக்கைகளுக்கு முன்னால் அது நடந்துகொண்டிருந்தது. ஐந்து செட் ஆட வேண்டிய முன்னணி வீரர் யாரும் அந்த இரண்டு வாரத்தில் இதற்காகக் காலை ஊன்ற மாட்டார். நீங்கள் அதை ஒற்றையர் போட்டிகள் தொடங்கும் முன்பே, ஆகஸ்ட் 19, 20 என்று இரண்டே நாளில் வைத்தீர்கள். பரிசுத் தொகை 2024இல் ஜோடிக்கு 2 லட்சம் டாலராக இருந்தது. அதைப் பத்து லட்சமாக்கினீர்கள். ஜோகோவிச், அல்கராஸ், ஸ்வியாடெக் எல்லோரும் வந்தார்கள். 45 வயதில் வீனஸ் வில்லியம்ஸ் வந்து ஆடினார். அரங்கு நிறைந்தது. கலப்பு இரட்டையரை இத்தனை பேர் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்த வாரத்தையும் வெளிச்சத்தையும் பணத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கேட்கவே இல்லை.

யாரை உள்ளே விடுகிறீர்கள் என்பதில்தான் என் வழக்கு. முன்பு 32 ஜோடிகள் ஆடினார்கள். 2025இல் அதை 16 ஆக்கினீர்கள். அதில் எட்டு ஜோடிகளை, இருவருடைய ஒற்றையர் தரவரிசையையும் கூட்டிப் பார்த்து எடுத்தீர்கள். மிச்சம் எட்டும் வைல்டு கார்டு. இரட்டையர் தரவரிசை என்று ஒன்று இருக்கிறது. வாரா வாரம் அதற்காக ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். இரட்டையர் பட்டத்துக்கான போட்டியில் அந்தத் தரவரிசைக்கு ஓர் இடம்கூட இல்லை. விதி அறிவிக்கப்பட்டபோதே எர்ரானியும் வவாசோரியும் இது அநியாயம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அப்புறம் வந்து ஆடி, ஜெயித்து, உள்ளே வர முடியாமல் போன மற்ற இரட்டையர் வீரர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வெற்றி என்று கோப்பையோடு நின்று சொன்னார் எர்ரானி.

2025ஆம் ஆண்டின் மற்ற சாம்பியன்களைப் பாருங்கள். ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையரை வென்ற ஒலிவியா கடேக்கி, ஜான் பீர்ஸ் ஜோடி உங்கள் பட்டியலில் இல்லை. விம்பிள்டனை வென்றவர்கள் கேத்ரினா சினியகோவாவும் செம் வெர்பீக்கும். அது நடந்தது ஜூலையில். உங்கள் போட்டி அடுத்த மாதம். வெர்பீக்குக்கு இடமில்லை. சினியகோவாவின் கதை இன்னும் வருத்தமானது. டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளான கிராண்ட்ஸ்லாம்களில், பெண்கள் இரட்டையரில் பத்து பட்டங்கள் வென்றவர் அவர். நியூயார்க்கில் அவருக்கு இடம் இருந்தது, ஆனால் யானிக் சின்னரின் ஜோடியாக. ஆகஸ்ட் 18, திங்கட்கிழமை, சின்சினாட்டி நகரில் நடந்த ஒற்றையர் இறுதிப் போட்டியில் உடம்பு முடியாமல் சின்னர் பாதியில் விலகினார். மறுநாள் காலை நியூயார்க்கில் கலப்பு இரட்டையர் தொடக்கம். சின்னர் வரவில்லை, அதனால் சினியகோவாவும் வெளியே. விம்பிள்டன் சாம்பியன் ஒருவர் ஊரில் தயாராக இருக்கிறார். வேறொருவருக்கு உடம்பு முடியாமல் போனதால் அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நகர வேண்டியிருக்கிறது. இதை யாராவது எழுந்து நின்று நியாயப்படுத்த முடியுமா?

அந்தக் காலி இடத்துக்கு வந்த டேனியல் காலின்ஸ், கிறிஸ்டியன் ஹாரிசன் ஜோடி அரையிறுதி வரை போனது என்பதையும் கவனியுங்கள். ஹாரிசன் இப்போது இரட்டையரில்தான் பிழைப்பு நடத்துகிறவர். அவர்களைத் தோற்கடித்தது எர்ரானி, வவாசோரி. ஆக, ஒற்றையர் நட்சத்திரங்களுக்காகக் கட்டிய மேடையில், இறுதிக்குப் போவதற்கான ஒரு பாதையை இரட்டையர்காரர்கள் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டார்கள். இந்த ஆட்டம் தனிக் கலை என்பதால்தான் அப்படி நடக்கிறது.

எர்ரானி ஆடுவதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இது புரியும். ஐந்தரை அடிக்கும் குறைவான உயரம். சர்வ் மெதுவானது, எதிரே நிற்கும் ஆண் வீரர் அதை ஓங்கி அடிக்கலாம், அடிக்கவும் செய்கிறார். சர்வ் போடும் முன்பே வலையருகில் வவாசோரி முதுகுக்குப் பின்னால் விரல்களைக் காட்டி, எந்தப் பக்கம் போகப்போகிறேன் என்று சொல்லியிருப்பார். பந்து எதிராளியின் மட்டையில் படும் நொடியில் அவர் குறுக்கே பாய்ந்திருப்பார். அவர் விட்டுப் போன பாதியை மூட எர்ரானி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பார். அடிக்கிறவருக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேடவே நேரம் போய்விடும். வேகமான சர்வும் வலுவான ஃபோர்ஹேண்டும் வைத்திருக்கிற ஒற்றையர் வீரர் இந்தக் கணக்கில் அடிக்கடி சிக்கிக்கொள்கிறார். வருடக்கணக்கில் ஒருவரையொருவர் படித்தால்தான் இது கைவரும். போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள் சின்சினாட்டியில் கோப்பை வாங்கிவிட்டு விமானம் ஏறி வந்த ஸ்வியாடெக் இறுதிவரை போனது அவருடைய அபாரத் திறமைக்குச் சான்று. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 16 ஜோடியில் பெரும்பாலானவர்கள் வழக்கமாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள் அல்ல.

சரி, செட் விஷயத்துக்கு வருகிறேன். இறுதிக்கு முந்தைய சுற்றுகளில், வழக்கமான ஆறு கேம் செட்டை நான்கு கேமாகச் சுருக்கினீர்கள். ஒரு செட் 4-0 என்று முடிந்தால், களத்தில் இருக்கும் நான்கு பேரும் ஆளுக்கு ஒரே ஒரு தடவைதான் சர்வ் போட்டிருப்பார்கள். 4-4 வரை இழுத்தாலும் ஆளுக்கு இரண்டு தடவை. ஒருவர் ஒரு கேமில் தடுமாறினால் செட்டே போய்விடும், எதிராளி யார், அவர் சர்வை எப்படி வாங்கலாம் என்று கண்டுபிடிக்கும் முன்பே. ஒரு கேம் 40-40 என்று சமமானால் அடுத்த ஒரே புள்ளியில் முடிப்பதும், அந்தப் புள்ளியில் ஆண் சர்வ் போட்டால் ஆண், பெண் போட்டால் பெண் எதிர்கொள்வதும் கலப்பு இரட்டையரில் ஏற்கெனவே பழகியவைதான். மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளிக்கு ஆடும் டை பிரேக்கும் பழையதே. அவற்றில் எனக்குக் குறை ஏதும் இல்லை. இறுதிப் போட்டியை மட்டும் ஆறு கேம் செட்டாக வைத்தீர்கள். அந்த ஆட்டம்தான் இரண்டு நாளிலும் ஆகச் சிறந்ததாக இருந்தது. ஆறு கேம் செட் கூட்டத்தை அலுப்படைய வைக்காது என்பதை நீங்களே காட்டிவிட்டீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், இந்தியர்கள் கிராண்ட்ஸ்லாம் மேடையில் ஏறிய வாசலே இதுதான். 1997இல் ஜப்பானின் ரிகா ஹிராகியோடு மகேஷ் பூபதி வென்ற பிரெஞ்சு ஓபன் கலப்பு இரட்டையர்தான் ஓர் இந்தியருக்குக் கிடைத்த முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டம். உங்கள் நியூயார்க்கில் 1999இல் ஐ சுகியாமாவோடு அவர் வென்றார். 2014இல் சானியா மிர்சாவும் புருனோ சோரெஸும். அடுத்த ஆண்டு லியாண்டர் பயஸ், மார்ட்டினா ஹிங்கிஸ். ஒரே ஆண்டில் ஆஸ்திரேலியா, விம்பிள்டன், நியூயார்க் மூன்றையும் எடுத்த ஜோடி அது. 2025 விதியை அன்றைக்கு வைத்துப் பாருங்கள். சானியா அப்போது ஒற்றையரை விட்டிருந்தார். ஹிங்கிஸ் அதற்கும் முன்பே விட்டிருந்தார். பயஸ் ஒற்றையர் ஆடி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. கூட்டிப் பார்க்க அவர்களிடம் ஒற்றையர் தரவரிசை ஏது? 2006இல், ஐம்பது வயது நிறைய சில வாரங்களே இருந்தபோது, பாப் பிரையனோடு சேர்ந்து மார்ட்டினா நவ்ரத்திலோவா தன் 59ஆவது கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்றதும் உங்கள் கோர்ட்டில்தான். வைல்டு கார்டு கொடுத்திருப்போம் என்று நீங்கள் சொல்லலாம். பெயர் பெற்றவர்களுக்குக் கொடுப்பீர்கள். பெயர் பெறாத பூபதிக்கும் ஹிராகிக்கும் யார் கொடுப்பார்?

உங்கள் வளாகத்துக்கு டென்னிஸ் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் பெயரை வைத்திருக்கிறீர்கள். 1973இல் கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலேயே முதன்முதலாக ஆணுக்கும் பெண்ணுக்கும் சமப் பரிசு கொடுத்தது நீங்கள்தான், அதற்குப் போராடியவர் அவர். அதே ஆண்டு அங்கே கலப்பு இரட்டையர் பட்டத்தையும் அவர் வென்றார். ஆணும் பெண்ணும் ஒரே கோர்ட்டில் ஒரே கோப்பைக்கு ஆடும் ஒரே பிரிவு இது. இதை முறையாக நடத்தும் பொறுப்பு மற்ற யாரையும்விட உங்களுக்கு அதிகம் என்று நினைக்கிறேன்.

நான் கேட்பது பெரிய காரியமே இல்லை. 16 ஜோடிகள்தான் என்றால் அதில் பாதியை இரட்டையர் தரவரிசைக்கு ஒதுக்குங்கள். மிச்சப் பாதியில் ஒற்றையர் நட்சத்திரங்களும் வைல்டு கார்டும் இருக்கட்டும். இன்னும் ஒரு நாள் சேர்க்க முடிந்தால் பழையபடி 32 ஜோடிகள் ஆடலாம். அந்த வாரம் தகுதிச் சுற்று நடக்கும் கோர்ட்டுகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நடப்புச் சாம்பியன்களுக்கும், அந்த ஆண்டின் மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாம்களில் கலப்பு இரட்டையரை வென்றவர்களுக்கும் யாருடைய தயவும் இல்லாமல் இடம் இருக்கட்டும். ஜோடியில் ஒருவர் விலகினால், மற்றவர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவரோடு சேர்ந்து ஆட அனுமதியுங்கள். எல்லாச் சுற்றிலும் செட் ஆறு கேமாக இருக்கட்டும்.

இந்த விதிகளைக் குறைந்தது ஆறு மாதம் முன்பே வெளியிடுங்கள். யாரோடு சேர்ந்து ஆடுவது, எந்தப் போட்டிக்குப் போவது என்று இரட்டையர் வீரர்கள் போட்டிக்கு வெகு முன்பே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
இரட்டையர் டென்னிஸ் ரசிகர் ஒருவர்