பழைய துருவ வரைபடம் சேர்க்கிற எங்கட வட்டம்: செயலாளரின்ட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். இந்தமுறை அறிக்கை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கோ, ஏனெண்டால் மாசியில நடந்த விசயத்தை மறைக்காமல் முழுக்க எழுத வேணும் எண்டு நிர்வாகத்தில முடிவெடுத்தனாங்கள்.

முதல்ல வழமையானது. அங்கத்தவர் 14 பேர், இதில ரெண்டு பேர் புதுசு. 7 தரம் கூடினம், எல்லாம் வடநோர்வேயில ட்ரொம்ஸோவில. சந்தா எல்லாரும் கட்டியாச்சு, கணக்கைப் பொருளாளர் அக்கா தனிய வாசிப்பா.

புதுசா வந்தவையில ஒருத்தர் நோர்வேயின்ட வடகிழக்கு முனையில இருக்கிற வார்டோவில மீன் ஃபாக்டரியில கனகாலம் வேலை செய்து பென்சன் எடுத்த அண்ணை. 80களில ஊரில இருந்து வந்து அங்க இறங்கேக்க உலகமே இதோட முடியுது எண்டு நினைச்சவராம். டச்சுக்காரர் போட்ட ஒரு பழைய கடல்படத்தின்ட பிரதியில அதே ஊர் வார்ட்ஹூஸ் எண்டு கிடக்கிறதைக் காட்டினனாங்கள், மனுசன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டுத் திரும்பவும் பாத்தவர். 1553ல லண்டனில இருந்து வடகிழக்கால சீனாவுக்கு வழி தேடி வெளிக்கிட்ட மூண்டு கப்பலும் காத்தில பிரிஞ்சால் திரும்பச் சந்திக்கிறதுக்குக் குறிச்ச இடம் அதுதான். தலைவர் வில்லோபி ரெண்டு கப்பல் ஆக்களோட ரஷ்யாவின்ட வடக்கில கோலாக் கரையில குளிர்காலத்தில செத்துப்போனார், மூண்டாவது கப்பலில போன சான்சலர் வார்டோவில ஏழு நாள் காத்துப் பாத்திட்டு வெள்ளைக் கடலுக்குள்ள போய் அங்கயிருந்து மொஸ்கோ வரைக்கும் போனவர். அண்ணை வேலைக்குப் போய்வந்த அதே துறைமுகம் 470 வருசத்துக்கு முதலே படத்துக்கு வேண்டிய ஊர். எனக்கு இந்த வருசத்தில மனசுக்கு நிறைஞ்ச கூட்டம் அதுதான்.

இனி மாசி விசயம். வட்டத்தின்ட சேமிப்புக் காசில, 16ம் நூற்றாண்டில உலகப் படங்கள் போட்ட மெர்கேட்டரின்ட வடதுருவப் படம் ஒண்டு வாங்கினனாங்கள், அப்பிடி நினைச்சுத்தான் வாங்கினது. நெட்டில வந்த விளம்பரம், ஃபிரேம் போட்டுக் கண்ணாடிக்குள்ள, 1606ம் ஆண்டுப் பதிப்பு எண்டு எழுதியிருந்தது. வாங்குவம் எண்டு ஓம் சொன்னது நான், அதால பொறுப்பும் என்ர.

அந்தப் படத்தில ஏன் எங்களுக்கு இவ்வளவு ஆசை எண்டு புது ஆக்களுக்குச் சொல்ல வேணும். மெர்கேட்டர் செத்தது 1594, அவற்ற மகன் ரூமோல்ட் அட்லஸை வெளியில விட்டது 1595. துருவத்தை நடுவில வைச்சு வட்டமாப் போட்ட படம். நட்டநடுவில ஒரு கறுப்புப் பாறை, அதைச் சுத்தி நாலு பெரிய தீவு, தீவுகளுக்கு இடையால கடல் நாலு வாய்க்காலா உள்ள ஓடிப்போய் பூமிக்குள்ள இறங்குது. ஒரு தீவில நாலடி உயரக் குள்ளர் இருக்கினம் எண்டு லத்தீனில எழுத்து. மூலையில இருக்கிற சின்ன வட்டம் ஒண்டில ஃப்ரிஸ்லாண்ட் எண்டு ஒரு தீவு, அப்பிடி ஒரு தீவே இல்லை, 1558ல வெனிஸில வந்த ஒரு படத்தை நம்பி எடுத்துப் போட்டது. மெர்கேட்டர் துருவத்துக்குக் கிட்டவும் போகேல்லை, இப்ப தொலைஞ்சு போன ஒரு புத்தகத்தில இருந்ததை இன்னொருத்தர் எழுதி வைக்க, அதை வாசிச்சு வரைஞ்சவர்.

பிறகு 1596ல டச்சு மாலுமி பேரன்ட்ஸின்ட ஆக்கள் நோர்வேக்கு வடக்கால இருக்கிற ஸ்பிட்ஸ்பெர்கன் தீவைக் கண்டிட்டினம். மெர்கேட்டரின்ட படத்தை அச்சடிச்ச செப்புத் தகடு அம்ஸ்டர்டாமில படம் போட்டு வித்த ஹோண்டியஸின்ட கைக்குப் போய் 1606ல திரும்ப அச்சடிக்கேக்க புதுசாக் கண்டதையும் போட வேணும். செப்புத் தகட்டில திருத்திறதெண்டால் பழைய கோட்டைச் சுரண்டி, பின்பக்கத்தால தட்டி மட்டம் பண்ணி, மினுக்கிப்போட்டுத்தான் புதுக்கோடு வெட்டலாம். அப்பிடி நாலு தீவில ஒண்டின்ட கரையை அழிச்சிட்டினம், கப்பல் போய்ப் பாத்த இடம் வந்திட்டுது, பாக்காத இடம் அப்பிடியே நிக்குது. ஒரே தாளில கேள்விப்பட்டதும் கண்ணால கண்டதும் பக்கத்தில பக்கத்தில. இதுக்காகத்தான் 1595ஐ விட 1606 தேடினனாங்கள்.

சரி, பார்சல் வந்துது, கூட்டத்தில மேசையில வைச்சம், எல்லாருக்கும் சந்தோசம். எங்களில வயசு குறைஞ்ச தங்கச்சிதான் ஃபிரேமைக் கழட்டுவம் எண்டு பிடிவாதமா நிண்டவா. கழட்டினாப்பிறகு லைட்டை நிப்பாட்டி, ஃபோன் டோர்ச்சைத் தாளோட ஒட்டிச் சரிச்சுப் பிடிச்சா. செப்புத் தகட்டில அடிச்ச படமெண்டால் ஈரத்தாளைத் தகட்டோட அமத்தினதில படத்தைச் சுத்தி ஒரு பள்ளம் விழுந்திருக்க வேணும், நகத்தால தடவினாலே தெரியும். இதில ஒண்டும் இல்லை, தாள் மேசை மாதிரி மட்டம். லூப்பை, அதுதான் சின்னப் பூதக்கண்ணாடியை, வைச்சுப் பாத்தால் கடலின்ட நீலம் முழுக்கப் புள்ளி புள்ளியா, நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு. தகட்டில வெட்டின கோடு எண்டு நாங்கள் நினைச்சதும் புள்ளிதான். இப்பத்தைய பிரஸ்ஸில அடிச்ச பிரதி, தாளுக்கு மட்டும் சாயம் ஏத்திப் பழசாக்கியிருந்தது. கூட்டத்தில கனநேரம் ஒருத்தரும் கதைக்கேல்லை. வித்த ஆளுக்கு நாலு தரம் எழுதினன், விளம்பரத்தில எழுதினதுக்கு "பழைய பாணிப் படம்" எண்டுதான் தமக்கு அர்த்தமாம், காசு வரேல்லை.

அதால இனி வட்டத்தின்ட காசில ஒண்டு வாங்கிறதெண்டால், ஃபிரேமுக்குள்ள இருக்கிறதை வாங்கிறேல்லை. பின்பக்கப் படமும் கேக்க வேணும், அந்த அட்லஸின்ட தாள் எண்டால் பின்னால வாசகம் அச்சடிச்சு நடுவில மடிப்பு ஒட்டியிருக்கும், எந்தப் பாசையில எண்டதை வைச்சு எந்தப் பதிப்பு எண்டும் பிடிக்கலாம். தாளை வெளிச்சத்துக்குப் பிடிச்சால், கையால தாள் செய்த சட்டத்தின்ட கம்பி வரிசை தெரியவேணும். பழைய கைச்சாயமெண்டால் பச்சையைப் பின்பக்கத்தில பாருங்கோ, செம்பில செய்த பச்சை நாள்போகத் தாளை அரிச்சு மண்ணிறமாத் தெரியும். ரெண்டு பேர் கையில பிடிச்சுப் பாக்காமல் காசு குடுக்கிறேல்லை எண்டு தீர்மானம் எழுதியாச்சு.

நல்லதும் நடந்தது. ஜெர்மனியில கோத்தாவில 1855ல இருந்து வந்த, புவியியலாளர் பீட்டர்மனின்ட சஞ்சிகையில மடிச்சு வைச்ச கல்லச்சுப் படங்கள் சிலதை ஒரு அங்கத்தவர் வாங்கினவர், விலையும் தாங்கக்கூடியது. துருவத்தைச் சுத்தி ஐஸ் இல்லாத திறந்த கடல் இருக்கு எண்டு பீட்டர்மன் உறுதியா நம்பினவர், அந்த நம்பிக்கை படத்திலயே தெரியும். 1873ல ஒஸ்திரியக்காரர் துருவக் கடலில ஃப்ரான்ஸ் யோசேப் லாண்ட் தீவுகளைக் கண்டு, அடுத்த வருசம் வடக்கால இன்னும் ரெண்டு நிலம் தெரியுது எண்டு ஒண்டுக்கு பீட்டர்மனின்ட பேரையே வைச்சவை. நோர்வே துருவப் பயணி நான்சன் 1895ல அந்தப் பக்கத்தால வரேக்க அந்த நிலம் அங்க இல்லை. அந்தப் பேர் இருக்கிற படம் ஒண்டையும் இல்லாத படம் ஒண்டையும் சோடியாத் தேடுறம், கண்டால் சொல்லுங்கோ.

வைகாசியில இருந்து ஆடி வரை இஞ்ச சூரியன் மறையாது எண்டு தெரிஞ்சும் சில வீடுகளில படம் யன்னலுக்கு எதிரா மாட்டிக் கிடக்கு. 24 மணித்தியால வெளிச்சத்தில கைச்சாயம் நிக்காது. ஜன்னலில்லாத அறைக்கு மாத்துங்கோ, இல்லாட்டி அந்த மூண்டு மாசமும் கழட்டி அமிலமில்லாத மட்டைக்குள்ள வையுங்கோ. கிழிஞ்ச இடத்துக்கு செலோடேப் ஒட்டவே வேண்டாம், கோதுமை மாப்பசையும் மெல்லிய ஜப்பான் தாளும் என்னட்ட இருக்கு, கொண்டுவாங்கோ ஒட்டித் தாறன்.

ஐப்பசியில போலார் மியூசியத்துக்குப் போனம். பேரன்ட்ஸ் ஆக்கள் ரஷ்யாவின்ட வடக்கில நொவாயா செம்லியாத் தீவில குளிர்காலம் கழிச்ச வீட்டை 1871ல கண்டுபிடிச்ச எல்லிங் கார்ல்சன் இந்த ஊர் ஆள்தான் எண்டு வார்டோ அண்ணைக்கு அண்டைக்குத்தான் தெரியும். அந்த வீட்டில கிடந்து உறைஞ்சு ஒட்டிப்போன அச்சுப் படக்கட்டு இப்ப அம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில இருக்கு, கிழக்கில விக்கக் கொண்டுபோனது. காசு சேர்ந்தால் வாற வருசம் எல்லாரும் போய்ப் பாப்பம் எண்டு கதை நடக்குது.

அடுத்த கூட்டம் தை மாசம், திகதி பிறகு அனுப்புறன். லூப் இருக்கிற ஆக்கள் கொண்டுவாங்கோ. மாசியில வாங்கின பிரதியை வட்டத்தின்ட ஃபைலில வைச்சிருக்கிறன், புது ஆக்களுக்கு முதல்ல அதைத்தான் கையில குடுப்பம்.

செயலாளர்