பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

ஆங்கிலேயப் பாடகி கேட் புஷ்ஷின் ‘ஏரியல்’ பாடல் தொகுப்புக்கு அன்று கிடைத்த வரவேற்பைப் பற்றி நீ எழுதி அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தகவல்களில் குறையில்லை. 1993இல் ‘தி ரெட் ஷூஸ்’ வந்த பிறகு 2005 நவம்பர் வரை அவரிடமிருந்து புதிய தொகுப்பு எதுவும் வரவில்லை என்பதும், கடைசியில் வந்த அந்த இரட்டை இசைத்தட்டைப் பெரும்பாலான விமர்சகர்கள் மனமாரப் பாராட்டினார்கள் என்பதும் சரியே. ஆனால் உன் முதல் பத்தி முழுவதும் ‘பன்னிரண்டு ஆண்டு மௌனம்’ என்ற ஒன்றையே சுற்றி வருகிறது. அன்றைய பத்திரிகைகளும் அதைத்தான் செய்தன.

அந்த ஆண்டுகள் வெறுமையாகக் கழிந்தவை அல்ல. அவை தொடங்குவதற்குச் சற்று முன்பு, 1992இல், அவருடைய தாய் இறந்திருந்தார். 1998இல் மகன் பிறந்தான். விளம்பர வெளிச்சம் படாமல் அவனை வளர்க்க விரும்பிய பெண்ணை, வெளியே வராத விசித்திரப் பிறவி என்று எழுதினார்கள். தொகுப்பு வெளிவந்ததும் புகழ்ந்தவர்கள்கூட, பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஆண்டுகளை எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

‘மிசஸ் பார்ட்டலோசி’ பாடலை எடுத்துக்கொள். பியானோவும் குரலும் மட்டுமே உள்ள பாட்டு. சேறு படிந்த தரையைத் தேய்த்துக் கழுவிய ஒரு பெண், சலவை இயந்திரத்தின் முன் அமர்ந்து, உள்ளே ஆணின் உடையும் தன் உடையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு சுழல்வதைப் பார்க்கிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தண்ணீர் கடலாகிவிடுகிறது. சலவையைப் பற்றி ஒரு பாட்டா என்று வியந்தவர்கள் அன்று உண்டு. நாள்தோறும் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் உலர்த்துகிற கைகளுக்கு அந்தப் பாட்டில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஏக்கம் மட்டுமே அதில் கேட்கும்.

மகனைப் பற்றிய ‘பெர்ட்டி’ பாடல் மிகையான பாசம் என்று சிலர் சொன்னதை நீயும் ஒப்புக்கொண்டிருக்கிறாய். பிள்ளைத்தமிழ் என்று ஒரு சிற்றிலக்கிய வகையையே வைத்திருக்கும் மொழியில் பிறந்துவிட்டு அப்படி எழுதலாமா, கண்ணே? பழங்கால ஐரோப்பிய நரம்பிசைக் கருவிகளைப் பின்னணியில் வைத்து, அந்தப் பாசத்துக்கு அரசவைப் பாட்டின் நடையை அவர் கொடுத்திருப்பதைக் கவனித்துக் கேள். வட்டக் கணக்கில் வரும் ‘பை’ (π) என்ற எண்ணின் இலக்கங்களை வரிசையாகப் பாடியதும் அப்படித்தான். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலைக் கேட்டு வளர்ந்த காதுக்கு, சொல்லுக்குப் பொருள் இல்லாத இடத்திலும் உணர்ச்சி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது தட்டே உயர்ந்தது என்று பல விமர்சகர்கள் சொன்னதை நானும் ஏற்கிறேன். பிற்பகலில் தொடங்கி, அந்தியும் இரவும் கடந்து, மறுநாள் விடியலில் முடியும் ஒரே நீண்ட இசை அது. அதன் தொடக்கத்தில் பறவைகளோடு கேட்பது அந்த மகனின் குரல். முடிவில் கேட் புஷ் பறவைகளோடு சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறார். அந்தச் சிறுவனோடு கழிந்த காலம் இல்லாவிட்டால் இந்தத் தட்டு ஏது?

நீ பிறந்த பிறகு பத்து ஆண்டுகள் நான் கச்சேரி மேடை ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். மறுபடி ஏறிய அன்று வீணையில் தோடி ராகத்தை முக்கால் மணி நேரம் வாசித்தேன். மறுநாள் ஒரு நாளிதழில் வந்த நான்கு வரி விமர்சனத்தில், நீண்ட இடைவெளி விரல்களில் தெரிகிறது என்று இருந்ததே தவிர, தோடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடியற்காலை நான்கு மணிக்கு, இடையிடையே உன் தூளியின் கயிற்றை இழுத்து விட்டுக்கொண்டு, நீ விழித்துவிடக் கூடாதே என்று வீணையை மெல்ல மெல்ல மீட்டிய ஆண்டுகள் அவை. ஸ்வரங்களை அசைத்து வாசிக்கும் என் கமகங்களில் நிதானம் கூடியது அப்போதுதான். அதை அந்த விமர்சகர் அறிய வழியில்லை. ஆனால் வாசிப்பில் அது இருந்தது, அவர் கேட்டிருக்கலாம்.

ஆகவே முதல் பத்தியை எடுத்துவிட்டு, சலவை இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கும் அந்தப் பெண்ணிலிருந்து தொடங்கு. முதல் தட்டின் கடைசிப் பாட்டு, ‘எ கோரல் ரூம்’, அவர் தன் தாயை நினைத்துப் பாடியது. உன் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. இன்றிரவு அதை ஒரு முறை கேட்டுவிட்டு எழுது. திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால் அப்பாவும் படிப்பார்.

அன்புடன்,
அம்மா