அட்டையில அவங்க பேர் இல்லடா

டேய் சேகர்,

எப்படிடா இருக்க? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, இப்ப பேப்பர்ல பொடி எழுத்தக்கூட படிக்கிறாங்க. நீ குடுத்தனுப்பின ஹெட்போன் வந்து மூணு வாரம் ஆச்சு, உடனே எழுதாம விட்டதுக்கு மன்னிச்சுக்கோ.

அதுல மொதல்ல என்ன கேட்டேன் தெரியுமா, 'கெட்ஸ்/ஜில்பெர்டோ' ஆல்பம். அமெரிக்க சாக்ஸ் கலைஞர் ஸ்டான் கெட்ஸும் பிரேசில் பாடகர், கிட்டார் கலைஞர் ஜோவோ ஜில்பெர்டோவும் சேந்து போட்ட போஸா நோவா, அதான் சாம்பாவும் ஜாஸும் கலந்த பிரேசில் இசை. ஹாஸ்டல்ல உன் கேசட்ல 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா' ஓடுமே, அது சிங்கிளுக்காக, அதான் ஆல்பத்துலேந்து தனியா விட்ட ரெக்கார்டுக்காக, வெட்டினதுடா! முழுப் பாட்டு அஞ்சு நிமிஷத்துக்கு மேல, மொதல்ல ஜோவோ ஜில்பெர்டோ போர்ச்சுகீஸ்ல பாடுறாரு, அப்புறம்தான் அவர் மனைவி அஸ்ட்ரூட் இங்கிலீஷ்ல வர்றாங்க. சிங்கிள்ல ஜோவோ பாடினத அப்படியே தூக்கிட்டாங்க, இத்தன வருஷமா நாம பாதிப் பாட்டத்தான் கேட்டிருக்கோம்னு நெனச்சா மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ஹெட்போன்ல கேட்டாதான் தெரியுது, ஆரம்பத்துல ஜோவோ கிட்டாரோட சேந்து வார்த்தையே இல்லாம சும்மா முணுமுணுக்கிறாரு, பக்கத்துல உக்காந்து நமக்கு மட்டும் பாடுற மாதிரி. கட்டைவிரல் பிரேசில் சாம்பா இசையோட பெரிய டிரம் மாதிரி ஒரே சீரா அடிச்சுட்டே போகுது, மத்த விரலெல்லாம் தாளத்துக்கு முன்னயும் பின்னயுமா பல சுரத்த ஒண்ணா சேத்து மீட்டுது, அதுக்கு மேல குரல் வேற தனியா நழுவுது, மூணும் ஒரே ஆளுடா! 1950கள்ல கையில காசில்லாம பிரேசில்ல டியமான்டினாங்கற ஊர்ல அக்கா வீட்ல இருந்தப்ப, எதிரொலி நல்லா இருக்குன்னு பாத்ரூம்ல உக்காந்து மணிக்கணக்கா இதையே பழகினாராம்.

ரெக்கார்டிங் நியூயார்க்ல 1963 மார்ச் 18, 19, ரெண்டே நாள். 'இபனேமா'வுக்கு இசையமைச்ச ஜோபிம் பியானோ, ஸ்டான் கெட்ஸ் சாக்ஸ். நீ கெட்ஸ் ரசிகன், கோவிச்சுக்காத, சில எடத்துல அவர் ஊதுறது எனக்குக் கொஞ்சம் சத்தமா இருக்கு, ஆனா அதே ஆல்பத்துல 'கொர்கோவாடோ' பாட்டுல அந்த மூச்சுக்காத்தோட வர்ற சாக்ஸ் அருமை, அத மறுக்க மாட்டேன்.

எனக்கு ஆறவே மாட்டேங்குறது அஸ்ட்ரூட் விஷயம்தான். ஜோவோவோட மனைவி, வயசு 22, தொழில்முறைப் பாடகி இல்ல, இங்கிலீஷ் தெரியும்னு பாட வெச்சாங்க. 1964ல சிங்கிள் அமெரிக்காவோட பில்போர்டு ஹிட் பட்டியல்ல அஞ்சாவது எடம், ஆல்பம் ரெண்டாவது எடம், 1965ல ஆல்பம் ஆஃப் தி இயர் கிராமி. போர்ச்சுகீஸ் ஒரு வார்த்தை தெரியாதவன்கூட அந்தக் குரலக் கேட்டுத்தான உள்ள வந்தான்? ஆனா ஆல்பம் அட்டையில கெட்ஸ் பேர் இருக்கு, ஜோவோ பேர் இருக்கு, ஜோபிம் பேர்கூட இருக்கு, அவங்க பேர் மட்டும் இல்லடா. 2023ல தவறிட்டாங்க.

இந்தப் பாட்டையெல்லாம் லிஃப்ட்ல போடுற மியூசிக்னு நீ எப்பவும் சொல்லுவ. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் லைட்ட அணைச்சுட்டு இந்த ஆல்பத்துல மூணாவது பாட்ட கேளு, கேட்டுட்டு எத்தன மணியானாலும் போன் பண்ணு, முழிச்சிட்டுதான் இருப்பேன்.

அன்புடன்
முரளி