முகத்துவாரம் பார்க்கப் போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

"மழை விட்டதும் நல்ல நாளாகப் பார்த்து, ஆற்று முகத்துவாரத்தில் பறவைக் கணக்கெடுக்க இடம் குறித்துவிட்டு வருகிறேன் அண்ணே" என்று போனில் சொன்னாய். வேண்டாம். மழை இருக்கும்போதே போ.

நல்ல நாள் பார்த்துப் போய்க் கெட்டவன் நான். தேவிபட்டினத்துக்கு வடக்கே ஓர் ஓடை கடலில் சேரும் வாயில், சேற்றில் இரை தேடும் உள்ளான் பறவைகளைக் கணக்கெடுக்க மாசி மாதத்தில் ஆறு இடம் குறித்தேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சேற்றுத்திட்டின் ஓரம்வரை பைக்கிலேயே போனேன். கார்த்திகையில் போனால் நாலு இடம் தண்ணீருக்குள். மற்ற இரண்டுக்குப் போக வழியில்லை. களி அப்பிச் சக்கரம் சுற்றவே இல்லை. சீமைக்கருவேலங் குச்சியை ஒடித்து மட்கார்டை நோண்டியே பொழுது போனது. அந்தப் பருவத்துக் கணக்கும் போச்சு.

மழை உன் தலைமேல்தான் பெய்ய வேண்டும் என்றில்லை. வைகை கடலில் சேராது, ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு முடிந்துவிடும் என்று படித்திருப்பாய். கண்மாய் நிறைந்த வருஷம் ஆற்றின் வாயில் இருக்கிற ஆற்றங்கரை என்ற ஊருக்கு வந்து பார், தண்ணீர் கடலுக்குப் போவது தெரியும். இங்கே வெயில் அடிக்கும்; வருசநாட்டு மலையில் பெய்தது சில நாள் கழித்து வந்து சேரும். அதனால் வைகை அணை நீர்மட்டத்தைத் தினமும் பார். மொத்தம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. மூன்றாவது வந்தபின் ஆற்று வாயில் கால் வைக்காதே.

அடுத்தது காற்று. வாடைக் காலத்தில் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், கொந்தளிக்கும்; தென்கடல், அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், படிந்து கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் அப்படியே தலைகீழ். வாடை அடிக்கிற மாதத்தில் தென்கடலில் மூக்கையூர்ப் பக்கம் குண்டாற்று வாயை நிம்மதியாகப் பார்க்கலாம். வடகடலில் இருக்கிற ஆற்றங்கரையிலோ நிற்கக்கூட முடியாது. பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஆனால் வாடை தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தால், தண்ணீர் வற்றி இறங்கவேண்டிய நேரத்திலும் சேற்றுத்திட்டு வெளியே தெரியாது. அன்றைக்கு உள்ளான் எங்கே போகும்? நீ கண்டுபிடிக்க வேண்டியது அதைத்தான். பெரும்பாலும் பின்னால் இருக்கிற உப்பளப் பாத்தியிலோ கண்மாய் ஓரத்திலோ ஒண்டி நிற்கும். அந்த இடமும் உன் பட்டியலில் இருக்கட்டும். இல்லாவிட்டால் 'பறவை குறைந்துவிட்டது' என்று எழுதிவிடுவாய், அவை நானூறு அடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்.

போ என்று சொன்னதற்காகப் புயலில் போய் நிற்காதே. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டால் வீட்டில் இரு. 2024 நவம்பர் 20-ல் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த மாதிரி நாளில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. நான் சொல்வது தூறலும் காற்றுமான சாதாரண மழை நாள். இடி கேட்டால் வெட்டவெளியை விட்டு ஏறி வந்துவிடு; அங்கே உன்னைவிட உயரமானது எதுவும் இருக்காது. முதல் தடவை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலங்களில் நின்றே பார்த்தால் போதும்.

கால் புதைகிற உளைச் சேறு பற்றி நண்டு பிடிக்கிற அக்காமாரிடம் கேள். "ஆழம் எவ்வளவு?" என்று கேட்காதே, "முழங்கால்தான்" என்பார்கள். அவர்கள் வெறுங்காலோடு லேசாகத் தாண்டுகிற இடத்தில் நீ டிரைபாடும் பையுமாய் இடுப்புவரை போவாய். "எங்கே கால் வைக்கக்கூடாது?" என்று கேள், சரியாகக் கை காட்டுவார்கள். தனியாகப் போகாதே. சிப்பி கீறும், செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். கயிறு கட்டின பழைய கேன்வாஸ் ஷூதான் சரி. பேனா வேண்டாம், பென்சில் எடுத்துக்கொள்.

அடி அடியாகக் கோடு போட்ட மூங்கில் கம்பு ஒன்று என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. அணையில் அன்றைக்கு எத்தனை அடி என்று பார்த்துவிட்டு வா.

அன்புடன்,
அண்ணன்