பேருந்து தூரத்துப் புலம்பெயர்வு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் புலம்பெயர் சிறுகதைச் சிறப்பிதழை முழுவதுமாக இரண்டு முறை வாசித்தேன். இரண்டாம் முறை வாசித்ததற்குக் காரணம் கதைகளின் சுவை அன்று. தங்கள் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு வரிக்கு அதில் எங்கேனும் விளக்கம் கிடைக்குமா என்று தேடினேன். என்னுடைய பழைய மாணவி ஒருத்தி, கேரளத்து மலையில், தேவிகுளம் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள், இச்சிறப்பிதழுக்கென்று ஒரு கதை எழுதி அனுப்பியிருந்தாள். அதற்கு வந்த பதிலில், "பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தைப் புலம்பெயர்வாகக் கொள்ள இயலாது" என்றிருந்தது. புலம்பெயர்வுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று தாங்கள் வரையறுத்திருப்பது முன்பே தெரிந்திருந்தால், அவளுக்குத் தபால் செலவாவது மிஞ்சியிருக்கும்.

தாங்கள் அறியாதது இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். நெல்லைச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலிகளாகப் போனவர்களைப் பற்றிப் புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி' எழுதினார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. போடியிலிருந்து மூணாறு வரும் சாலையோ ஏறத்தாழ 70 கிலோமீட்டர். தங்கள் அளவுகோலின்படி எந்தக் கதையைத் தள்ளுவீர்கள்?

என் தாத்தா கயத்தாறுப் பக்கத்திலிருந்து கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு போடி வந்து, அங்கிருந்து குரங்கணி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு நடந்தே ஏறினார். அந்தக் காலத்தில் அதே மலைச்சரிவில் தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி இறங்கிக்கொண்டிருந்தன, மனிதர்களுக்கு நடைதான். முன்பணம் தீர்ந்ததும் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார். அது தீரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றபோது அவர் கவாத்துக் கத்தியோடு அதே மலையில்தான் இருந்தார். நாங்கள் விடுமுறைக்குத் தாத்தாவின் ஊருக்குப் போனால் எங்களை "மலையாளத்தார்" என்பார்கள். கோட்டயத்துக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போனபோது எனக்குப் பெயர் "பாண்டி". இரண்டு ஊருக்கும் பேருந்து உண்டு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சிறப்பிதழின் முதல் கட்டுரை ஜும்பா லஹிரியைப் பற்றியது. அவருடைய முதல் சிறுகதைத் தொகுப்பு 1999இல் வெளிவந்ததையும், 2000இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததையும் அழகாகவே எழுதியிருந்தீர்கள்; நானும் விரும்பிப் படித்த எழுத்தாளர்தான். ஆனால் அவர் லண்டனில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். வங்கத்தை விட்டுக் கிளம்பியவர்கள் அவருடைய பெற்றோர். அந்தக் கணக்கில் பிள்ளைகள் எழுதும் கதையும் புலம்பெயர் கதையாகிறது, அது சரிதான். தோட்டத்தில் மூன்றாம் தலைமுறையாகப் பிறந்தவள் எழுதினால் மட்டும் அது ஏன் 'வட்டார வாழ்க்கை' என்ற பெட்டிக்குப் போகிறது? அதன்பின் வந்த ஏழு கதைகளில் ஐந்தில் பனி விழுகிறது. அதுவும் தகுதியென்றால், சனவரியில் எங்கள் தேயிலைச் செடிகளும் உறைபனியில் கருகத்தான் செய்கின்றன.

அந்தப் பெண்ணின் கதையில் அதெல்லாம் இல்லை. 58 வயதில் வேலையிலிருந்து நிற்கப்போகும் ஒரு தாய் இருக்கிறாள். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருந்தால்தான் அங்கே தொடர்ந்து குடியிருக்கலாம். ஆகவே கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன் படிப்பை விட்டுவிட்டு வந்து பெயர் கொடுக்கிறான். கதை அவ்வளவுதான். அவன் முதல்நாள் வேலைக்குப் போகும் காலையில் தாய் அவனுடைய புத்தகங்களை அரிசிச் சாக்கில் கட்டிப் பரணில் வைக்கும் இடத்தை வாசித்துவிட்டு நான் கண்ணாடியைக் கழற்ற வேண்டியிருந்தது. என் தாயும் இதையே செய்திருக்கக்கூடும். எனக்கு ஓர் அண்ணன் இருந்ததால் நான் ஆசிரியரானேன்.

என் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, பட்டியல் சாதிகளை வரையறுத்த 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைக்கு முன்பே எங்கள் குடும்பம் இம்மாநில எல்லைக்குள் குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். தாத்தாவின் பெயர் இருந்த பழைய செக்ரோலைக் கரையான் அரித்துவிட்டதாகத் தோட்டத்தில் கைவிரித்தார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் நீங்கள் கேரளத்தார் என்றார்கள். இதில் ஒரு சிறுகதை இல்லையென்று எந்த ஆசிரியர் சொல்லுவார்?

பழைய கணக்கு ஒன்றும் உண்டு. மூன்றாண்டுகளுக்கு முன் என் கதை ஒன்றைத் தாங்கள் வெளியிட்டபோது, 'கொழுந்து' என்ற சொல் வந்த இடமெல்லாம் 'இளம் தேயிலை இலை' என்று மாற்றியிருந்தீர்கள். லயம், செக்ரோல், கங்காணி மூன்றுக்கும் அடிக்குறிப்பு வேறு. இந்தச் சிறப்பிதழில் பேஸ்மென்ட், சப்வே, ஸ்னோ பூட்ஸ் எதற்கும் அடிக்குறிப்பு இல்லை. டொராண்டோவில் நிலத்தடி ரயில் ஓடுவது தமிழ் வாசகனுக்குத் தெரியும். போடிமெட்டுக்கு அப்பால் அவனுடைய தேநீரைக் கிள்ளுகிறவள் பேசும் தமிழ் மட்டும் தெரியாது என்று தாங்கள் முடிவு செய்திருக்கிறீர்கள்.

2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் கயத்தாறுதான். ராஜமலையிலேயே புதைத்தோம். அது கொரோனா காலம் என்பதால் ஊரிலிருந்து உறவினர்கள் எல்லை தாண்டுவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. போய்த் திரும்பும் தூரம் என்று தாங்கள் எழுதுகிற அந்தப் பேருந்து அன்று ஓடவில்லை, ஐயா.

கதையை வெளியிடுங்கள் என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அது தங்கள் உரிமை. அந்தக் கைப்பிரதியைத் திருப்பி அனுப்பினால் போதும். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த பதினெட்டுத் தாள்கள். அவள் வேறு படி எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. முன்பு வைத்த உறை தவறியிருக்கலாம் என்பதால் தபால்தலை ஒட்டிய மற்றோர் உறையை இத்துடன் இணைத்திருக்கிறேன். முகவரியில் இடுக்கி மாவட்டம், கேரளம் என்று நானே எழுதியிருக்கிறேன். சென்ற முறை தங்கள் அலுவலகத்தில் தேனி மாவட்டம் என்று எழுதிவிட்டதால், அந்தக் கடிதம் போடியில் சுற்றிவிட்டுப் பதினோரு நாள் கழித்துத்தான் மலையேறி வந்தது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தேவிகுளம் வட்டம்