பாக்கிப் பலகையைக் கழற்ற அனுமதி கேட்டு

ஆயர் ஐயா அவர்களுக்கும், குருசேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், சபையார் அனைவருக்கும் தோத்திரம்.

ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டியதை எழுதுகிறேன். பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் ஒருவர் "நேரமாகிறது" என்பார். நான்காவதில் என் குரல் ஏறிவிடும். எழுத்து என்றால் எனக்குக் கைப்பழக்கம். காரைக்குடியில் ஒரு வட்டிக்கடையில் 38 ஆண்டுகள் பேரேடு எழுதியவன் நான். அதில் 11 ஆண்டுகள், மாலை வேளைகளில், நம் சபையின் பொருளாளராகவும் எழுதினேன். இரண்டு இடத்திலும் ஐந்தொகை ஒரு காசு பிசகியதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலம் ஒன்று உண்டு.

விஷயம் கோயில் வாசலில் இருக்கிறது. செருப்பு விடும் இடத்துக்கு நேர் மேலே, மூன்று கட்டம் போட்ட கறுப்புப் பலகை. குடும்பத் தலைவர் பெயர், எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய். தலைப்பு 'சந்தா பாக்கி'. யோசனை என்னுடையது, கையெழுத்து என்னுடையது, சுவரில் துளை போட்டு நான்கு திருகாணி முடுக்கியதும் நான்தான். மாட்டிய முதல் மாதமே வசூல் கூடியது. கமிட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தியது. அந்தப் பலகையைக் கழற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

இத்தனை வருஷம் கழித்து என்ன ஞானோதயம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல வரும்.

நம் சீமை கணக்கில் வளர்ந்த சீமை. மழையை நம்பி ஊருணி வெட்டிக்கொண்ட வறண்ட மண்ணிலிருந்து புறப்பட்டு, பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்துக் கடன் கொடுத்து, அந்த வரவில் கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தியவர்கள் நகரத்தார். அவர்கள் கணக்கெழுதும் நேர்த்தியை என்னைப் போன்ற கணக்குப்பிள்ளைகள் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அந்த உப்பைத் தின்றவன் நான். குறை சொல்ல வாயில்லை. ஆனால் ஊர்க்காற்று ஊரில் உள்ள எல்லார் மேலும்தான் வீசும். வேதக்காரராகிய நம் கிறிஸ்தவர் வீட்டுக் கல்யாணத்திலும் வாசலில் மேசை போட்டு மொய் எழுதுகிறோம். ஆசீர்வாத ஜெபம் முடிவதற்குள் நோட்டில் நான்கு பக்கம் நிரம்பிவிடுகிறது. பத்து வருஷம் கழித்து அந்த நோட்டைப் பரணிலிருந்து இறக்கி, அவர் நமக்கு 501 எழுதினார், நாம் 1,001 எழுதுவோம் என்று தீர்மானிக்கிறோம். மனிதருக்கு மனிதர் இதில் தப்பே கிடையாது. மொய்யால் கரையேறிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அதே நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலிபீடத்துக்கு முன்னாலும் போய் நிற்கிறோமே, அங்கேதான் கோளாறு.

வேண்டிக்கொண்டு நேர்ந்து செலுத்தும் பொருத்தனைக் காணிக்கைக் கவர்களை 11 ஆண்டுகள் பிரித்தவன் சொல்கிறேன். மகனுக்கு வேலை கிடைத்தால் ஒரு மாதச் சம்பளம், மகளுக்கு வரன் அமைந்தால் ஆலயத்துக்கு மின்விசிறி. நன்றியாக வருவது வேறு. அது கவரைத் தொட்டாலே தெரியும். பெரும்பாலானவை முன்பணம் போல வந்தன. சாட்சி சொல்கிறவர்களும் அப்படித்தான். "நாற்பது நாள் உபவாசம் இருந்தேன், கர்த்தர் வீடு கொடுத்தார்" என்னும்போது நாற்பதில் ஓர் அழுத்தம் விழும். அது கூலி கேட்டு வாங்கியவன் குரல். வேலை செய்தவனுக்கு வருகிற கூலி கிருபை அல்ல, கடன் என்று பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் கணக்கன் பாஷையிலேயே சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரத்தை நான் கோயிலில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு இறங்கி வந்து, நேரே காணிக்கைப் பையை எண்ணப் போயிருக்கிறேன்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்துக் கடன்காரன் கதையை ஒருநாள் வேலையில்லாமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். அவன் ராஜாவுக்குக் கொடுக்க வேண்டியது 10,000 தாலந்து. ஆறு கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும், தின்னாமல் உடுக்காமல் அடைக்க இரண்டு லட்சம் வருஷம் ஆகும். எந்தக் கடையிலும் எந்த முதலாளியும் கொடுத்திருக்க முடியாத கடன். அவனோ காலில் விழுந்து, "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்கிறான். கவனியுங்கள்: அவன் கேட்டது தவணை. ராஜா கொடுத்தது தள்ளுபடி. அது அவன் காதில் விழவே இல்லை என்று நினைக்கிறேன். தள்ளுபடி ஆனது புரிந்திருந்தால், வாசலைத் தாண்டியதும் 100 வெள்ளிப்பணத்துக்காக இன்னொருவன் கழுத்தைப் பிடிப்பானா? அவன் மனதில் கடன் அப்படியே இருந்தது. முதல் தவணைக்குப் பணம் தேடி ஓடினான். கல்நெஞ்சன் என்றுதான் அவனைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எனக்கு அவன் வாங்கத் தெரியாதவனாகத் தெரிகிறான்.

அவனைப் போல நான் பிடித்த கழுத்தும் ஒன்று உண்டு. ஒரு மழைக்காலத்தில் நம் சபை மனிதர் ஒருவர் இறந்துபோனார். இரண்டு வருஷச் சந்தா பாக்கி. பாக்கி தீர்ந்த பிறகே கல்லறைத் தோட்டத்தில் குழி என்பது நம் வழக்கம். அவர் மகன் எங்கெங்கோ புரட்டிப் பணம் கொண்டுவந்தான். பந்தலுக்கு வெளியே, சைக்கிள் சீட்டின் மேல் ரசீதுப் புத்தகத்தை வைத்து, கார்பன் தாளைச் சரிசெய்து, இறந்தவர் பெயரிலேயே ரசீது எழுதினேன். 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்று அதில் அச்சடித்திருக்கும். தூறல் விழுந்து மை கலங்கியது. வேறு தாளில் திரும்ப எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு நேர்த்தி. அந்தப் பையன் இப்போது கோயிலுக்கு வருவதில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை, நான் உட்பட.

சென்ற ஆண்டு என் மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பிள்ளைகள் வெளியூரில். எனக்குச் சமையலில் வெந்நீர் மட்டும் தெரியும். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் காலை, பலகாரம் சுட்டுக் கொடுத்துப் பிழைக்கிற நம் சபைச் சகோதரி ஒருவர் திண்ணையில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தார். கஞ்சி, மூடியில் பருப்புத் துவையல். அதற்கு மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். முறுக்குக்கு மாவு பிசையும் முன் எங்களுக்கு உலை வைத்துவிடுவாராம்.

நான் என்ன செய்திருப்பேன் என்று ஊகித்திருப்பீர்கள். நோட்டுப் போட்டேன். தேதி, கஞ்சி, துவையல், உத்தேச விலை. இருபத்து மூன்றாம் நாள் கூட்டித் தொகை போட்டு, கவரில் வைத்து நீட்டினேன். அவர் கோபப்படவில்லை. "வாங்கிக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் நாளையிலிருந்து நான் கடைக்காரி. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அண்ணிக்குக் கஞ்சி வராது. சம்மதமா?" என்றார். நான் கவரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய சங்கடம் தூக்குச்சட்டி. பிறர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். என் மனைவி நடமாடிய காலத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுப்பாள். நான் அடுக்களையைத் துழாவி இரண்டு தக்காளி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் தக்காளி துவையலாகத் திரும்பி வந்தது. அதன்பின் போடுவதற்கு ஒன்றும் இல்லாத ஒரு காலையில், கழுவித் துடைத்து, வெறும் தூக்கை நீட்டினேன். கனமில்லாததால் அதன் பிடி கிணுகிணுவென்று ஆடியது. அந்தச் சத்தத்தில் நான் கூசிப்போனேன். எழுபது வயதில் முதல்முறையாக ஒருவரிடம் வாங்கிவிட்டு, திருப்பித் தர ஒன்றும் இல்லாமல் நின்றேன். அவர் அதை வாங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணிக்கு நாளைக்குக் கொஞ்சம் கீரை போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் போகும் வழியில்தான் கோயில். பலகையில் அவர் பெயர் ஐந்தாவது. 14 மாதம்.

அந்தப் பாக்கியை நானே கட்டிவிடலாம் என்று எழுந்தேன். உட்கார்ந்துவிட்டேன். கஞ்சிக்குச் சந்தா, அதுவும் மொய்தானே. என் கணக்கை நேராக்கிக்கொள்ள இன்னொரு வழி.

எங்கள் பக்கத்து வீட்டார் ஆர்.சி. என்னும் ரோமன் கத்தோலிக்க சபையினர். அந்த வீட்டு மூதாட்டியோடு சில முறை தேவகோட்டை வழியாக ஓரியூருக்குப் போயிருக்கிறேன். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டுண்ட போர்த்துகீசியக் குரு ஜான் டி பிரிட்டோவுக்கு நம் மக்கள் வழங்கும் பெயர் அருளானந்தர். அவர் ரத்தம் விழுந்ததாகச் சொல்லும் சிவந்த மண்ணை ஜனங்கள் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்த மூதாட்டி ஜெபமாலை சொல்லும்போது, இப்போதைய 'அருள் நிறைந்த மரியே' அவர் வாயில் வராது. 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்றுதான் சொல்வார். நாம் கிருபை என்கிறோம், அவர்கள் இப்போது அருள் என்கிறார்கள், அதற்கும் முன்னால் பிரியதத்தம் என்றிருக்கிறார்கள். பிரியத்தினால் தத்தம் செய்தது. தத்தம் என்றால் தாரை வார்த்துக் கொடுத்தது. கொடுத்தவர் திரும்பக் கேட்க முடியாது, வாங்கியவர் திரும்பச் செலுத்தவும் முடியாது. வேதசாஸ்திரக் கல்லூரியில் படித்தவர்கள் இதைவிட நன்றாக விளக்குவார்கள். எனக்கு இந்தச் சொல் போதும்.

உங்கள் மறுப்பும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை உருவாக்கியவனே நான். பலகையை எடுத்தால் யார் சந்தா கட்டுவார்கள்? மின்கட்டணம், ஆயர் ஐயாவின் சம்பளம், கூரையில் ஒழுகும் மூலை? நியாயம். சந்தா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கே எழுதாதீர்கள் என்று ஒரு கணக்கன் சொல்வானா? எழுதுங்கள், காசு பிசகாமல் எழுதுங்கள், அலுவலகப் பீரோவுக்குள் வையுங்கள். பாக்கி உள்ள வீட்டுக்கு நேரில் போங்கள். போனால் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் தெரிந்துவிடும். கட்ட முடிந்தும் கட்டாதவர் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள்தான். அவர்கள் இத்தனை வருஷம் பலகையைப் பார்த்தும் கட்டவில்லை. தங்கள் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறவர்கள். கூசிக் குறுகி நின்றவர்கள் எல்லாம் மற்றவர்கள்.

சபைத் தேர்தலில் ஓட்டுரிமைக்குச் சந்தா வேண்டும் என்கிற விதியில் நான் கை வைக்கவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலமும் இருக்கட்டும். ஒரு பூசணிக்காய் மூவாயிரத்துக்குப் போகிற வேடிக்கையைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம். குழி வெட்ட ரசீது கேட்பதை மட்டும் நிறுத்துங்கள். செத்தவர் கையில் என்ன இருக்கிறது கொடுக்க?

இன்னொன்று. திருவிருந்து ஞாயிறுகளில் கடைசி மூன்று வரிசை எழுந்து வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? பாக்கி உள்ளவர்கள், அந்த வாரம் அண்டை வீட்டாரோடு சண்டை போட்டவர்கள், "நமக்குத் தகுதியில்லை" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்கள். எங்கள் நீதியை நம்பி உம்முடைய பந்திக்கு வரவில்லை என்று அனைவரும் சேர்ந்து சொன்ன ஜெபத்தின் ஈரம் காய்வதற்குள் அவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள். வாசலில் தகுதிப் பட்டியலை மாட்டிவிட்டு, உள்ளே தகுதி பார்க்காதீர்கள் என்றால் யார் நம்புவார்? நானோ பாக்கி இல்லாதவன். எப்போதும் முதல் ஆளாகப் போய் முழந்தாளிட்டேன். இத்தனை வருஷமும் அந்த அப்பத் துண்டை நான் சந்தா கட்டியவன் கையால்தான் வாங்கியிருக்கிறேன். சென்ற மாதம் கை நீட்டியபோது தூக்குச்சட்டியின் பிடி ஆடிய சத்தம் நினைவு வந்தது. ஆயர் ஐயா வார்த்தையைச் சொல்லி அப்பத்தை வைத்தார். உள்ளங்கை நடுங்கியது, வயது என்று பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

கமிட்டி கூடித் தீர்மானம் போட வேண்டும், அது மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும், எல்லாம் எனக்குத் தெரியும். போடுங்கள். தீர்மானத்தில் என் பெயரை முன்மொழிபவராக எழுதிக்கொள்ளலாம். திருகாணிகளைச் சென்ற ஞாயிறு பார்த்தேன்; நான்கும் துருவேறி இறுகிக் கிடக்கின்றன. சனிக்கிழமை மாலை கோயில் சாவி கொடுத்தால் போதும். திருப்புளியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் பொருளாளர்